புரொஜெக்டர் வாங்கவிருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வகுப்பறைக்குப் புரொஜெக்டர் வாங்குவதற்காக விலைப்புள்ளிகளை ஒப்பிடும்போது, விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும் கான்ட்ராஸ்ட் விகிதத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். நான் உயிரியல் ஆசிரியர். எங்கள் பள்ளியில் 20,000:1 என்ற எண்ணை நம்பிக் கூடுதல் விலை கொடுத்து ஒரு கருவியை வாங்கினோம். வெங்காயத் தோலின் நுண்ணோக்கிப் படத்தைக் காட்டிய அன்று, செல்சுவர் எது, பின்னணி எது என்று மூன்றாம் வரிசை மாணவிக்குக்கூடத் தெரியவில்லை. கருவியில் பழுது எதுவும் இல்லை. ஜன்னல்கள் திறந்திருந்தன, திரைக்கு மேலே குழல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

திரையில் தோன்றும் வெண்மை, கருமையைக் காட்டிலும் எத்தனை மடங்கு வெளிச்சமானது என்பதே கான்ட்ராஸ்ட் விகிதம். ஆனால் புரொஜெக்டரால் ஒளியை மட்டுமே வீச முடியும். கருமையை வீச முடியாது. படத்தில் கருப்பாக நாம் காண்பதெல்லாம் ஒளி வீசப்படாமல் விடப்பட்ட வெள்ளைத் திரைதான். அதன்மீது அறையின் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தால், கருப்பு எவ்வளவு கருப்பாக இருக்கும் என்பதை அந்த அறையே முடிவு செய்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். மூலைக்கு மூலை 100 அங்குலமுள்ள 16:9 அகலத்திரையின் பரப்பு ஏறத்தாழ 2.75 சதுர மீட்டர். 3,000 லூமென் (கருவி வீசும் மொத்த ஒளியின் அளவு) கருவி அதன்மீது சுமார் 1,090 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் லூமென்) வெளிச்சத்தைத் தரும். திரைமீது அறை வெளிச்சம் 300 லக்ஸ் விழுந்தால், வெண்மை 1,390 ஆகவும் கருமை 300 ஆகவும் நின்று, விகிதம் 5:1-ஐக்கூடத் தொடாது. 2,000:1 கருவியிலிருந்து கருப்பில் கசியும் ஒளி அரை லக்ஸ். 20,000:1 கருவியில் அதில் பத்தில் ஒரு பங்கு. 300 லக்ஸோடு கூட்டும்போது இந்த வேறுபாட்டை எந்தக் கண்ணும் உணராது. அதே திரைமீது விழும் வெளிச்சத்தை 20 லக்ஸுக்குக் குறைத்தால், இரண்டு கருவிகளுமே 50:1-ஐத் தாண்டிவிடும்.

ஒலி-ஒளிக் கருவித் துறையினரின் சங்கமான இன்ஃபோகாம் அமைப்பு 2011-இல் வெளியிட்ட தரநிலை, அறை வெளிச்சத்தையும் சேர்த்தே அளந்து, நுணுக்கமான விவரங்களை ஆராய்வதற்கு 50:1, காணொளிக்கு 80:1 வேண்டும் என்கிறது. இவை எவ்வளவு சிறிய எண்கள் என்பதைக் கவனியுங்கள்.

பெரிய எண்கள் பிறக்கும் விதமும் வேறு. முழு வெள்ளைத் திரையை ஒரு முறையும் முழுக் கருப்புத் திரையை இன்னொரு முறையும் இருட்டறையில் அளந்து வகுப்பது முதல் முறை; கருப்பு வரும்போது விளக்கையே மங்கச் செய்து அளந்தால் எண் இன்னும் வீங்கும். வெள்ளையும் கருப்பும் மாறி மாறி அமைந்த 16 கட்டங்களை ஒரே நேரத்தில் காட்டி அளக்கும் ஆன்சி (அமெரிக்கத் தேசியத் தரநிலை நிறுவனம், ANSI) முறைதான் பாடப்படத்துக்கு நெருக்கமானது, அதில் வரும் எண் பெரும்பாலும் சில நூறுகளுக்குள் அடங்கும். இருண்ட திரையரங்குகளுக்கான டிஜிட்டல் சினிமா விதிமுறையே முதல் முறையில் 2,000:1-ஐயும், ஒரே படத்துக்குள் 150:1-ஐயும்தான் இலக்காக வைக்கிறது. முழுமையாக இருட்டாக்கக்கூடிய கலையரங்கம் உங்களிடம் இருந்தால், விளக்கை மங்கச் செய்யாமல் அளந்த இயல்பு விகிதத்துக்குப் பணம் கொடுப்பதில் பொருள் உண்டு. அதை நான் மறுக்கவில்லை.

ஆகவே விலைப்புள்ளி கோரும் கடிதத்தில் ஆன்சி முறையில் அளந்த விகிதத்தை எழுதித் தரும்படி கேளுங்கள். விற்பனையாளரின் காட்சியறையில் பார்த்துவிட்டுக் கையெழுத்திடாதீர்கள். முற்பகல் 11 மணிக்கு உங்கள் வகுப்பறையிலேயே கருவியை இயக்கிக் காட்டச் சொல்லி, கடைசி வரிசையில் அமர்ந்து பாருங்கள். கருவிக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கைத் தடித்த திரைச்சீலைகளுக்கு ஒதுக்குங்கள். விளக்குகள் அனைத்தையும் அணைத்தால் பிள்ளைகளால் குறிப்பெடுக்க முடியாது என்பதால், திரைக்கு அருகிலுள்ள விளக்குக்கு மட்டும் தனி சுவிட்ச் வையுங்கள்.

எங்கள் வகுப்பறையில் கடந்த மாதம் அந்தச் சுவிட்சைப் பொருத்தி, ஜன்னல்களுக்குக் கரும்பச்சைத் துணி தைத்து மாட்டினோம். அதே பழைய கருவிதான். இப்போது செல்சுவரோடு உட்கருவும் கடைசி வரிசைவரை தெரிகிறது.

அன்புடன்,
ஓர் உயிரியல் ஆசிரியர்