எல்லிஸ் தீவில் யாரும் பெயரை மாற்றவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் குடியேற வந்தவர்களை விசாரித்து உள்ளே விட்ட நியூயார்க் துறைமுகத்து எல்லிஸ் தீவில் வந்து இறங்கிய இத்தாலியர்களின் பெயர் வாயில் நுழையாமல் அதிகாரிகளே வேறு பெயர் எழுதிவிட்டார்கள் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த பயணக் கட்டுரையில் இருந்தது. இதே கதையை நம்பித்தான் நாங்கள் ஒரு குளிர்காலம் முழுக்க வீணாக்கினோம், அதனால் எழுதுகிறேன்.

என் மகளைக் கட்டிக் கொடுத்திருப்பது நியூ ஜெர்சியில் உள்ள ஓர் இத்தாலிய வம்சாவளிக் குடும்பத்தில். மாப்பிள்ளையின் தாத்தா 1920-இல், பதினெட்டு வயதில், நேப்பிள்ஸில் கப்பல் ஏறியவர். வீட்டில் எல்லோருக்கும் அவர் ஜேம்ஸ். மகளின் பிரசவத்துக்குப் போயிருந்த நான், பத்திரப் பதிவு அலுவலகத்தில் 31 வருஷம் பழைய வில்லங்கம் பார்த்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவன், சும்மா இருப்பானேன் என்று தாத்தா வந்து இறங்கிய பதிவை அவர்களோடு தேட உட்கார்ந்தேன்.

எந்தக் கப்பலிலும் ஜேம்ஸ் இல்லை. எப்படி இருப்பார்? பயணிகள் பட்டியலை எழுதியவர்கள் கப்பல் கம்பெனிக்காரர்கள், அதுவும் கிளம்பும்போதே. தீவில் இருந்த அதிகாரிகள் அந்தப் பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டுச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான், மொழி தெரிந்தவர்களும் கூடவே இருந்தார்கள். பெயர் மாறியதெல்லாம் அப்புறம், வேலைக்குப் போன இடத்தில், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில், பெரும்பாலும் அவரவரே மாற்றிக்கொண்டது. வின்சென்சோ அமெரிக்காவில் ஜேம்ஸ் ஆவது எங்களுக்குள் சகஜம் என்று சம்பந்தி ஒருநாள் காபி குடித்துக்கொண்டே சொன்னார் (இதை முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா!). வின்சென்சோ என்று தேடினோம், அரை மணி நேரத்தில் கிடைத்துவிட்டார்.

இன்னொன்று. அந்தப் பட்டியலில் ஓர் ஆளின் விவரம் எதிரெதிரே இரண்டு பக்கம் ஓடும். பலரும் பெயர் இருக்கும் இடப் பக்கத்தை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு திருப்தி அடைந்துவிடுகிறார்கள், நாங்களும்தான். வலப் பக்கம் பார்த்தால் கையில் 22 டாலர், உயரம் ஐந்தடி மூன்று அங்குலம், போகுமிடம் அக்கா புருஷன் வீடு, கடைசிக் கட்டத்தில் பிறந்த ஊர், தென் இத்தாலியில் பசிலிகாத்தா பகுதியின் மலையில் ஒரு சிற்றூர். தாத்தாவுக்கு எழுத்து வாசனையே கிடையாது என்று குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. ஆனால் அமெரிக்காவின் 1917 குடியேற்றச் சட்டப்படி அப்போது பதினாறு வயது தாண்டியவர் ஏதாவது ஒரு மொழியில் நாலு வரியாவது படித்துக் காட்டவேண்டும். பட்டியலிலும் படிக்கத் தெரியும் என்றே இருக்கிறது.

ஊர் தெரிந்துவிட்டால் இத்தாலி அரசு ஆவணக் காப்பகங்களின் ‘அந்தெனாத்தி’ தளத்தில் பழைய பிறப்புப் பதிவேடுகளை இலவசமாகப் பார்க்கலாம். தெற்கே பல ஊர்களுக்கு 1809 முதலே பதிவுகள் உண்டு. அங்கும் ஒரு சிக்கல். மூத்த பையனுக்கு அப்பாவின் அப்பா பெயரை வைப்பது அவர்கள் வழக்கம், நம் ‘பேரன்’ மாதிரியேதான். அதனால் ஒரே பெயரில், ஒரே குடும்பப் பெயரோடு, நாலைந்து வருஷத்துக்குள் மூன்று வின்சென்சோ. நல்லவேளை, கல்யாணம் ஆனாலும் பெண்களைப் பிறந்த வீட்டுப் பெயரிலேயே அங்கே பதிவார்கள். அம்மா பெயரை வைத்துத்தான் எங்கள் ஆளைப் பிரித்தெடுத்தோம். தன் பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயரைச் சம்பந்தி எண்பது வயதில் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

அடுத்த இணைப்பில் ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பதிவுத்துறை ஊழியர்,
தஞ்சாவூர்