அந்த மூன்று புள்ளிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டனின் போர்க்கால இளம்பெண்களின் நாட்குறிப்புகள் குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், ‘யார் கண்ணிலும் படாது என்று எழுதியவை, அதனால் இவற்றில் பகையே இல்லை’ என்றொரு வரி.

யார் கண்ணிலும் படாதா? சாதாரண மக்களின் அன்றாட வாழ்வைப் பதிவுசெய்ய 1937இல் தொடங்கிய மாஸ் அப்சர்வேஷன் அமைப்பு, போர் மூண்ட 1939 முதல் இந்த நாட்குறிப்புகளைத் தபாலில் வாங்கிச் சேர்த்தது. அடுத்தவர் படிக்கப்போகிறார் என்று தெரிந்தேதான் பெண்கள் மாதாமாதம் அனுப்பினார்கள். இன்று சசெக்ஸ் பல்கலைக்கழகப் பொறுப்பில் இருக்கும் அந்தக் கட்டுகளில், குண்டுவீச்சுக்குப் பதுங்கும் சுரங்க ரயில் நிலையங்களில் நல்ல இடத்தையெல்லாம் யூதர்கள் வளைத்துக்கொள்கிறார்கள், கள்ளச்சந்தையே அவர்கள் கையில்தான் என்ற பேச்சு, இட்லரைத் திட்டும் அதே கையெழுத்தில் கூச்சமின்றி வருகிறது. மறைக்க வேண்டிய எண்ணமாக அது அன்று யாருக்கும் படவில்லை. கட்டுரையாளருக்குப் பட்டிருக்கிறது, மூன்று புள்ளி வைத்து வெட்டிவிட்டார்.

வெட்டினால் என்ன போகிறது என்பதற்கு, காப்பிடமாக இருந்த லண்டனின் பெத்னல் கிரீன் சுரங்க ரயில் நிலையம் போதும். 1943 மார்ச் 3 இரவு அங்கே குண்டே விழவில்லை. அபாயச் சங்குக்குப் பின் அருகே புதுவகை விமான எதிர்ப்பு ராக்கெட்டுகள் வெடித்த சத்தத்தில் கூட்டம் நிலையத்துக்குள் இறங்கியது. மங்கலான ஒற்றை விளக்கு, நடுவே கைப்பிடி இல்லாத ஈரப் படிக்கட்டு. ஒரு பெண் தடுக்கி விழ, மேலே மேலே சரிந்து 173 பேர் மூச்சுத்திணறி இறந்தார்கள். 62 பேர் குழந்தைகள். பழி யூதர்கள் மேல். அந்தக் காப்பிடத்துக்கு யூதர்கள் வந்ததே மிகச் சொற்பம், வதந்தி அப்பட்டமான பொய் என்று நீதிபதி டன் விசாரித்து எழுதினார். அரசோ அறிக்கையை 1945 வரை பூட்டி வைத்தது. இந்த மாதிரி வதந்தி ஊர் சுற்றியதற்குச் சாட்சியே நாட்குறிப்புகள்தான். கண்டதை எழுதினாளா, கேட்டதை எழுதினாளா என்று பிரித்துப் படிக்க முழு வரியும் வேண்டாமா?

இது முதல் தடவையும் அல்ல. நாஜிகளுக்கு அஞ்சி ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்திருந்து நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் என்றாலே தங்கள் இதழுக்கு 1944 ஜூலை 15 பதிவின் ‘மனிதர்கள் நல்லவர்களே’ மட்டும்தான். அதே பதிவில் லட்சக்கணக்கானோரின் துயரம் வருவதும், மே 22 அன்று டச்சுக்காரர்களிடையேயும் யூத வெறுப்பு பரவுவதைக் கேட்டு அவள் மனம் நொந்ததும் ஆண்டுதோறும் இடப் பற்றாக்குறைக்குப் பலியாகின்றன. ராசிபலன் பக்கத்துக்கு அந்தக் கஷ்டம் வந்ததாகத் தெரியவில்லை.

தாங்கள் அறியாததா? எழுதியவரின் புள்ளிகள் அப்படியே இருக்கட்டும். நீங்கள் வெட்டிய இடத்தில் பகர அடைப்புக்குள் புள்ளி வையுங்கள். நாட்குறிப்பாளரின் காப்பக எண், பதிவின் தேதி, என்ன விஷயம் வெட்டப்பட்டது என்பதற்கு ஒரு வரி அடிக்குறிப்பு. அடுத்த இதழில் விடுபட்ட வரிகளை நான்கு அங்குல இடத்தில் போட்டுவிடலாம். இந்தக் கடிதத்தைச் சுருக்கினாலும், தயவுசெய்து, அடைப்புக்குள் புள்ளி.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் சந்தாதாரர்