கண்ணகி அம்மன் ஆலய மடம்: திருப்பணி நிறைவு அறிக்கை

அங்கத்தவர்களுக்கும் குடிமக்கள் அனைவருக்கும், ஆலய நிர்வாகத்தைப் பார்க்கும் வண்ணக்கர் சபையின் வணக்கம்.

வாவிக்கரை மடத்தின் திருப்பணி நிறைவடைந்து, வைகாசிச் சடங்குக்காக மடம் திறந்துவிடப்பட்டுள்ளது. குடிவரியும் (ஆலயத்துக்குரிய குடிகளிடம் திரட்டும் வரி) நன்கொடையும் செலவான கணக்கு ஆலய அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. சீமெந்தை ஏன் முற்றாக விலக்கினீர்கள் என்று பலரும் கேட்டபடியால், வேலையின் விபரத்தை இங்கே எழுதுகிறோம்.

மடத்தின் பாரம் முழுவதும் 16 முதிரைத் தூண்களில் நிற்கிறது. இடையிலுள்ள சுவர் களிமண் சாந்தில் கட்டிய செங்கல். மேலே சுண்ணாம்புப் பூச்சு. 1978 நவம்பர் 23 இல் கிழக்கிலங்கையைத் தாக்கிய சூறாவளிக்குப் பின் நடந்த அவசரத் திருத்தத்தில் சுவரின் அடியில் 4 அடி உயரத்துக்குச் சீமெந்து பூசப்பட்டது. கேடு தொடங்கியது அங்கேதான். மாரியில் வாவி நிரம்பி நிலத்தடி நீர் உயரும்போது செங்கல் அதை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சென்றால் அந்த ஈரம் கோடையில் காற்றோடு போய்விடும். சீமெந்து அதைப் போகவிடாது. அடைபட்ட ஈரம் சீமெந்து முடியும் உயரம் வரை ஏறி, சுவரோடு சேர்ந்திருந்த தூண்களின் அடியை வருடம் முழுவதும் நனைத்தது. வெளியே பார்வைக்கு நல்லபடியாக இருந்த தூண்களில், பூச்சை உடைத்தபின் குத்தூசி 2 அங்குலம் இறங்கியது. 5 தூண்கள் அப்படி இருந்தன. முற்றத்துக் கொங்கிறீற்றும் சுவரை ஒட்டி நின்று மழைத்தண்ணீரை அடிக்குத் திருப்பிவிட்டது. அதை 2 அடி அகலத்துக்கு வெட்டியெடுத்துச் சல்லி நிரப்பியிருக்கிறோம்.

மாசியில் கூரை வேலை முடிந்தது. முகட்டோடுகளைப் பிடித்திருந்த சீமெந்து வெடித்து, வெடிப்பால் இறங்கிய தண்ணீர் முகட்டு வளையை (கூரை உச்சியின் உத்தரத்தை) கறுப்பாக்கியிருந்தது. அவற்றைச் சுண்ணாம்புச் சாந்தில் மீளப் பதித்தோம். புயற்காற்று கூரையைத் தூக்காதிருக்க, மூன்றுக்கு ஒரு கைமரத்தைத் துருப்பிடிக்காத உருக்குப் பட்டியால் வளையோடு பிணைத்திருக்கிறோம்.

தூண் திருத்தம்தான் ஆகக் கவனம் வேண்டிய வேலை. தூண்களின்மேல் குறுக்கே கிடக்கும் தீராந்திக்கு முட்டுக் கொடுத்து, தூணின் பாரம் விடுபடும் அளவுக்கு மாத்திரம் ஜாக்கால் தூக்க வேண்டும். அதற்குமேல் தூக்கினால் கழுந்து (தூணின் நுனியில் தீராந்திக்குள் இறங்கும் முளை) பிளக்கும், முகட்டு ஓடு விலகும். உக்கிய பகுதிக்கு மேலே அரை அடி நல்ல மரத்தையும் சேர்த்து வெட்டி, காய்ந்த முதிரைத் துண்டு பொருத்தப்பட்டது. பச்சை மரம் பிறகு சுருங்கிப் பொருத்தை இளக்கிவிடும். 7 அங்குலத் தூணுக்குப் பொருத்தின் நீளம் 21 அங்குலம். இரு துண்டிலும் பாதிப் பாதி செதுக்கி, நுனிகளைச் சரிவாக வெட்டி, ஒன்றோடொன்று இறுக்கி, இரண்டு மர ஆணி அடித்தார் ஆசாரியார். இரும்புப் போல்ட் போடவில்லை. வாவிக் காற்றின் உப்பில் இரும்பு துருவேறி வீங்கி மரத்தைப் பிளக்கும். ஐந்து தூண்களும் இப்போது தரையைவிட 6 அங்குலம் உயர்ந்த கருங்கல்லில் நிற்கின்றன. தண்ணீர் தங்காமலிருக்கக் கல்லின் விளிம்பு சற்றுச் சரிவாகச் செதுக்கப்பட்டுள்ளது. கறையான் ஏறினாலும் அதன் மண்தடம் அந்தக் கல்லில் கண்ணுக்குத் தெரியும்.

பழைய பூச்சு முருகைக்கல் சுண்ணாம்பு. கரையோரத்தில் முருகைக்கல் அகழ்வது 1988 ஆம் ஆண்டுக் கரையோரம் பேணல் திருத்தச் சட்டத்திலிருந்து தடை. அது நல்ல தடையும்கூட. எனவே 15 அந்தர் (ஓர் அந்தர் ஏறத்தாழ 50 கிலோ) டொலமைட் கட்டிச் சுண்ணாம்பு எடுத்தோம். இதிலுள்ள மக்னீசியம் தண்ணீரோடு சேர்ந்து மெதுவாகத்தான் நீறும். அவசரப்பட்டுப் பூசினால் நீறாத துணிக்கை சுவரில் இருந்தபடியே பின்னர் வீங்கிப் பூச்சைப் பொரியாகக் கிளப்பிவிடும். ஆகவே கார்த்திகையிலேயே நீற்றி, பங்குனி வரை தண்ணீருக்கடியில் வைத்திருந்தோம். நீற்றும்போது தண்ணீருக்குள் சுண்ணாம்பைப் போட வேண்டும். சுண்ணாம்பின்மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துக் கண்ணில் தெறிக்கும்.

மணல் ஒன்றரை கியூப் (ஒரு கியூப் 100 கன அடி), கழுவிய ஆற்று மணல். கடல் மணலின் உப்பு பின்னர் சுவரில் வெள்ளையாகப் பூக்கும். ஒரு பங்கு சுண்ணாம்புக் களிக்கு மூன்று பங்கு மணல். முதற்பூச்சில் விரல்நீளம் வெட்டிய தென்னந்தும்பு. ஈரம் கூடிய சுவரடியில் 3 அடி உயரத்துக்கு மட்டும் மணலில் அரைப் பங்கைக் குறைத்து, சலித்த செங்கல் தூள் சேர்த்தோம். அது ஈரத்திலும் இறுகும். முதற்பூச்சு 10 மில்லிமீற்றர், இரண்டாவது 8, மேற்பூச்சு 3. நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும், பெருவிரலால் அழுத்தினால் பள்ளம் விழக்கூடாது. அடுத்த பூச்சுக்கு அதுதான் பதம். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்து இறுகுகிறது, அதற்கு ஈரமும் வேண்டும். ஒரே நாளில் வெளுத்துக் காய்ந்த பூச்சைத் தடவிப் பார்த்தால் கையில் மா ஒட்டும்: அது காய்ந்ததே தவிர இறுகவில்லை. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று அப்படித்தான் உலர்த்தும் என்பதால், அது தொடங்குமுன் மேற்குச் சுவரை முடித்து, எல்லாச் சுவரிலும் ஒரு வாரம் நனைந்த சாக்குத் தொங்கவிட்டோம்.

வெள்ளையடிப்பு ஐந்து தரம், பால் பதத்தில். சிவப்புப் பட்டைகளுக்குக் காவி மண். சுண்ணாம்பின் காரத்தில் அதன் நிறம் மங்காது. இனி யாரும் அன்பளிப்பாக இமல்ஷன் பெயின்ற் தர முன்வந்தால், நன்றி கூறி வேறு உபயத்துக்கு மாற்றிவிடுங்கள். அது பிளாஸ்ரிக் தோல்போல் சுவரை மூடி, சீமெந்து செய்ததையே மீண்டும் செய்யும்.

சோடனைக்குத் தூணில் ஆணி அடிக்க வேண்டாம். தீராந்தியில் கயிறு கட்டலாம். சுவரடியில் ஹோஸ் பிடித்துக் கழுவ வேண்டாம். விளக்குப் புகைக்குக் காய்ந்த தூரிகை போதும், சவர்க்காரம் கூடாது. வருடந்தோறும் மாசியில் ஓடு, தூண் அடி, சல்லிக் கான் மூன்றையும் குடிக்கு ஒருவராகச் சேர்ந்து பார்க்க வேண்டும். மிஞ்சிய சுண்ணாம்புக் களி கிணற்றடித் தொட்டியில் தண்ணீருக்கடியில் இருக்கிறது. சிறு திருத்தங்களுக்கு அதையே எடுங்கள். தண்ணீர் குறைந்தால் ஊற்றிவிடவும், பிள்ளைகள் கை வைக்காதபடி மூடி போட்டே வைக்கவும்.

வண்ணக்கர் சபை