கொலம்போவை இப்படிச் செய்துவிட்டார்களே

கடலூர் முதுநகர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமா?

ஞாயிற்றுக்கிழமை உனக்கு வேலை வந்துவிட்டதால், நம்ம துப்பறியும் போலீஸ்காரர் கொலம்போவின் அமெரிக்க டிவி தொடரில் அந்த எபிசோடை அம்மாவும் நானும் மட்டும் பார்த்தோம். போனில் நீ கேட்டபோது "சுமார்தான்" என்று சொல்லி வைத்துவிட்டேன். மனசு ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன். கொன்றது யார் என்பதையும் சொல்லப்போகிறேன். பார்க்கும் எண்ணம் இருந்தால் இத்தோடு மடித்து வைத்துவிடு.

'லாஸ்ட் சல்யூட் டு த கமடோர்'. 1976 மே மாதம் வந்தது, ஐந்தாவது சீசனின் கடைசிக் கதை. படகு கட்டும் நிறுவனம் வைத்திருக்கும், எல்லோரும் 'கமடோர்' என்று கூப்பிடும் பெரியவர் கொல்லப்படுகிறார். மருமகன் தடயத்தைத் துடைத்து, உடலைப் படகில் ஏற்றி, இரவோடு இரவாகக் கடலுக்குக் கொண்டுபோகிறான். எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? உப்பனாற்றங்கரையில் மரப்படகு கட்டுவதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து அடிக்கிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கொலம்போ இந்தத் தொழிலுக்குள் நுழைந்தால் என்னென்ன கேட்பார், யாரையெல்லாம் குடைவார் என்று காத்திருந்தேன். ஒன்றும் இல்லை. படகும் கடலும் பின்னால் கட்டிய திரைச்சீலையாகவே நின்றுவிட்டன.

நாம் சேர்ந்து பார்த்தோமே, 1973இல் வந்த ஒயின் கதை? தம்பியை நிலவறையில் அடைத்து ஏசியை நிறுத்திவிட்டுப் போவாரே டொனால்ட் பிளெசன்ஸ். அவருடைய பாட்டிலையே எடுத்து அவருக்கே விருந்தில் ஊற்ற வைப்பார் கொலம்போ. ஒரு வாய் குடித்ததும் மனுஷன் கொதித்துப்போவார், சூட்டில் கெட்டுப்போன ஒயின் என்று. அந்த நாக்குதான் அவரைக் காட்டிக்கொடுக்கிறது. கொலம்போ ஒயினைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டுக் கற்றுக்கொண்டதால் வந்த பிடி அது. அப்படி ஒரு பிடியைத்தான் இதிலும் எதிர்பார்த்தேன்.

இந்தத் தொடரின் உயிரே, கொலைகாரன் யார் என்று நமக்கு முதலிலேயே தெரிந்துவிடுவதுதான். இதில் மருமகன்தான் கொன்றான் என்று பாதிவரை நம்ப வைக்கிறார்கள். அப்புறம் அவனும் செத்துக் கிடக்கிறான். சரி, ஒருதரம் மாற்றிப் பார்க்கட்டுமே என்று விட்டுவிடலாம். ஆனால் மருமகனாக வரும் ராபர்ட் வான் மாதிரி ஒரு நடிகரைப் பாதியில் அனுப்பிவிட்டால், கொலம்போவுக்கு எதிரே நிற்க ஆள் யார்? மிச்சக் கதை முழுக்க அந்த இடம் காலியாகவே கிடக்கிறது.

எனக்குத் தாங்காதது கொலம்போவே. ஒன்றும் தெரியாத பிள்ளைப்பூச்சி போல வந்து, வாசல்வரை போய், "இன்னொரு விஷயம்" என்று திரும்புவாரே, அந்த மரியாதையும் கூச்சமும் எங்கே? இதில் ஆளை ஒட்டி ஒட்டி உட்காருகிறார், காதருகே போய் இழுத்து இழுத்துப் பேசுகிறார். கொலம்போவாக நடித்த பீட்டர் ஃபாக் இப்படித் தானாக நடித்திருக்க மாட்டார் என்றே என் மனம் சொல்கிறது. இயக்கியவர் பேட்ரிக் மெக்கூஹன். 1974இல் ராணுவப் பள்ளித் தலைவராக நடித்து, எம்மி என்ற டிவி விருது வாங்கினாரே, அதே ஆள்! கொலம்போவின் எதிரே நின்று நடித்தவருக்கு அந்த மனுஷனின் அளவு தெரியாமலா இருக்கும்?

முடிவில் எல்லோரையும் ஒரே இடத்தில் கூட்டி, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கைக்கடிகாரத்தை ஒவ்வொருவர் காதிலும் வைக்கிறார் கொலம்போ. "கமடோரின் கடிகாரம்" என்கிறார். பெரியவரின் உறவுக்காரன் ஸ்வானி மட்டும் "இல்லையே" என்று வாய்தவறிச் சொல்லிவிடுகிறான். அந்தக் கடிகாரம் உடைந்துபோனது கொன்றவனுக்குத்தானே தெரியும். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் அந்த ஸ்வானியோடு கொலம்போ அதுவரை மல்லுக்கட்டவே இல்லை. அவன் மாட்டினால் நமக்கு என்ன சந்தோஷம், சொல்லு? அம்மாகூட, "யாருங்க இவன்?" என்று எழுந்து போய்விட்டாள்.

அதற்கப்புறம் ஒரு சின்னத் துடுப்புப் படகில் ஏறி கொலம்போ தானே வலித்துக்கொண்டு போகிறார். இதோடு தொடர் முடிந்திருந்தால் எனக்குப் பெரிய வருத்தமாக இருந்திருக்கும். நல்லவேளை, அதே வருஷம் அக்டோபரில் ஆறாவது சீசன் தொடங்கியது. முதல் கதையில் வில்லியம் ஷாட்னர், டிவியில் துப்பறிவாளராக நடிக்கும் நடிகராக வருகிறார். கொலையும் அவர்தான் செய்கிறார், அது முதலிலேயே தெரிந்துவிடுமாம். வருகிற ஞாயிறு வேலை எதுவும் ஒத்துக்கொள்ளாதே. உன்னை விட்டுவிட்டு நாங்கள் பார்க்கமாட்டோம்.

அம்மா நெத்திலிக் கருவாடு கட்டி வைத்திருக்கிறாள். கூரியரில் வாங்கிக்கொள்கிறார்களா என்று நாளைக்குக் கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா