42ஐ அணிந்தால் போதுமா? பேஸ்பால் ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மேஜர் லீக் பேஸ்பால் ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம்.

2025 ஏப்ரல் 15 அன்று மகளோடு உட்கார்ந்து ஆட்டம் பார்த்தேன். இரண்டு அணியிலும் எல்லோர் முதுகிலும் 42. பெயர் இல்லை. யார் யார் என்று தெரியாமல் அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். தாடியைப் பார், இடக்கையைப் பார் என்று அடையாளம் சொல்லிச் சமாளித்தேன். பிறகு அவள் கேட்டாள்: "எல்லோரும் ஒரே ஆளின் சட்டையைப் போட்டிருக்கிறார்களே, அவர் என்னதான் செய்தார்?" 42 ஜாக்கி ராபின்சனின் எண், 1947இல் இதே ஏப்ரல் 15 அன்று மேஜர் லீகின் நிறத்தடையை உடைத்து ஆட இறங்கிய கறுப்பின வீரர் அவர் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல, மார்ச் மாதம் உங்கள் அலுவலகம் செய்த காரியம் தொண்டையில் முள்ளாகச் சிக்கியது.

உங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் 'பன்முகத்தன்மை' என்று இருந்த சொல்லை எடுத்துவிட்டீர்கள். மத்திய அரசின் சட்டத்துக்கு ஏற்பத் திட்டங்களைப் பரிசீலிக்கிறோம் என்றீர்கள். எங்கள் கொள்கை அப்படியே இருக்கிறது என்றும் சொன்னீர்கள். கொள்கை அப்படியே இருக்கிறதென்றால் சொல்லும் அப்படியே இருந்திருக்கலாமே. தயவுசெய்து அதைத் திரும்பச் சேருங்கள்.

1947 பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ராபின்சனின் அணியான புருக்ளின் டாட்ஜர்ஸ் 94 ஆட்டங்களை வென்று நேஷனல் லீக் பட்டத்தைப் பிடித்ததும், ஆண்டின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில் யாங்கீஸ் அணியோடு ஏழாவது ஆட்டம் வரை மல்லுக்கட்டித் தோற்றதும் நீங்கள் அறிந்தவை. 28 வயதில் புதுமுகமாக இறங்கிய ஜாக்கி ராபின்சன் அந்த ஆண்டில் 125 ரன் எடுத்தார். 29 முறை பேஸ் திருடினார், அதாவது பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடித்தார். அந்த ஆண்டுதான் முதன்முதலாக வழங்கப்பட்ட சிறந்த புதுமுகம் விருதும் அவருக்கே போனது. இன்று அந்த விருதே அவர் பெயரில் இருக்கிறது.

நான் நினைவூட்ட விரும்புவது ஒரு புகைப்படத்தை.

1947 ஏப்ரல் 22 அன்று ஃபிலடெல்ஃபியா ஃபிலீஸ் அணி டாட்ஜர்ஸின் சொந்த மைதானமான எப்பெட்ஸுக்கு வந்தது. களத்தில் அந்த அணியை நடத்தும் மேலாளர் பென் சாப்மனும் அவர் ஆட்களும் வீரர்கள் அமரும் டக்அவுட்டிலிருந்தபடி ராபின்சனை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். பருத்திக் காட்டுக்கே திரும்பிப் போ என்பது அவற்றுள் அச்சில் ஏற்றக்கூடிய ஒன்று. திருப்பி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று டாட்ஜர்ஸ் தலைவர் பிராஞ்ச் ரிக்கிக்கு வாக்குக் கொடுத்திருந்ததால் ராபின்சன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். எட்டாவது இன்னிங்ஸில் அடித்து முதல் பேஸுக்குப் போனார், இரண்டாவதைத் திருடினார், பந்து தவறி ஓடியதும் மூன்றாவதை எட்டினார், சக வீரர் அடித்த அடியில் ஹோம் பேஸுக்கு வந்து ரன் எடுத்தார். அந்த ஒரே ரன்னில் டாட்ஜர்ஸ் வென்றது. தான் உடைந்துபோகும் நிலைக்கு மிக அருகில் வந்த நாள் அதுதான் என்று பிற்காலத்தில் அவரே எழுதினார்.

விஷயம் வெளியே வந்து நாறியது. மே மாதம் டாட்ஜர்ஸ் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனபோது, ராபின்சன் இருக்கும் அணிக்கு இடம் தர மாட்டோம் என்று ஹோட்டல் ஒன்று கைவிரித்தது. அதே ஊரில், அதே பயணத்தில், சாப்மனோடு சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொள்ளும்படி ராபின்சனைக் கேட்டார்கள். அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். இருவரும் ஒரே மட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கைகள் குலுக்கப்படவில்லை. இடையில் மட்டை இருக்கிறது. அந்தப் படத்தால் சாப்மனின் பெயர் தப்பியது, லீகின் பெயர் தப்பியது. அடிபட்டவரே அடித்தவருக்கு நற்சான்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஐயா, சொல்லை அழித்துவிட்டு எல்லோருக்கும் 42 சட்டையை மாட்டியபோது, எனக்கு அந்தப் படம்தான் கண்முன் வந்தது. இன்னொரு முறை அவரிடம் மட்டையைக் கொடுத்து நிற்கச் சொல்லியிருக்கிறீர்கள்.

அதே மார்ச்சில்தான் ராபின்சனின் ராணுவ சேவை பற்றிய பக்கத்தை அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பெண்டகன் தன் தளத்திலிருந்து எடுத்தது. ராணுவத்தில் இருந்தபோது பஸ்ஸில் பின்னால் போய் உட்கார மறுத்ததைத் தொடர்ந்து 1944இல் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு விடுதலையானவர் அவர். ஊரே கூச்சல் போட்டதும் பக்கம் திரும்ப வந்தது. பெண்டகனாலேயே முடிந்ததை உங்களால் செய்ய முடியாதா?

சொல்லோடு குறை முடியவில்லை என்பதும் உண்மை. 2022 உலகத் தொடரில் விளையாடிய இரண்டு அணிகளிலும் அமெரிக்காவில் பிறந்த கறுப்பின வீரர் ஒருவர்கூட இல்லை. 1950க்குப் பிறகு இப்படி நடந்தது அதுவே முதல் முறை. உள்ளூர்ப் பயிற்சி அணியில் ஒரு பிள்ளையைச் சேர்த்துப் பாருங்கள். கட்டணம், கையுறை, மட்டை, வாரக் கடைசிப் பயணம், ஹோட்டல் அறை என்று பணம் தண்ணீராய் ஓடும். சம்பளத்தை எண்ணிச் செலவு செய்யும் வீட்டுப் பிள்ளை பந்தைத் தொடுவதற்குள் வாசல் சாத்தப்பட்டுவிடுகிறது. இந்த விளையாட்டில் புரளும் பணம் எங்கே போகிறது என்று கேட்கத் தொடங்கினால் இந்த மடல் முடியாது. அதை இன்னொரு நாள் கேட்கிறேன்.

1972 அக்டோபர் 15 அன்று சின்சினாட்டி மைதானத்தில் உங்கள் லீக் ராபின்சனைக் கௌரவித்தது. அப்போது அவருக்குக் கண்பார்வை மங்கியிருந்தது. நன்றி சொன்ன கையோடு, மேலாளர் இடத்தில் ஒரு கறுப்பு முகத்தைப் பார்த்தால்தான் தன் மகிழ்ச்சி நிறையும் என்றார். ஒன்பது நாளில் இறந்துபோனார். முதல் கறுப்பின மேலாளராக ஃபிராங்க் ராபின்சன் என்ற வேறொருவர் அந்த இடத்துக்கு வந்தது 1975இல்தான். கௌரவம் வாங்க வந்த மேடையில்கூட ஜாக்கி கேட்டது வேலைவாய்ப்பைத்தான். நீங்கள் சொல்லை எடுத்ததும் வேலைவாய்ப்புப் பக்கத்திலிருந்துதான்.

கடுமையாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஆட்டத்தின் மேல் உள்ள பற்றினால் எழுதியது. 'பன்முகத்தன்மை' என்ற அந்த ஒரு சொல்லை இருந்த இடத்திலேயே திரும்பச் சேர்க்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஏப்ரல் 15க்கு முன்பே சேர்த்துவிடுங்கள். அன்றும் என் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

இப்படிக்கு,
ஒரு பேஸ்பால் ரசிகன்