வீடு மாறியாச்சு, லைன் மாறவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் மலேசியாவில் வாடகை வீடு மாறுகிறவர்களுக்கு மின்சாரக் கணக்கை மாற்றுவது இப்போது பெரிய வேலை இல்லை. ஐசியையும் (அடையாள அட்டை) வாடகை ஒப்பந்தத்தையும் கொடுத்து, டெபாசிட் கட்டினால் மின்சார நிறுவனமான தெனாகா நம் பெயருக்கு மாற்றிவிடும். முன்பு குடியிருந்தவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. வீட்டு இணையத்துக்கும் தொலைபேசிக்கும் மட்டும் ஏன் இப்படி ஒரு வழி இல்லை?

அண்மையில் நாங்கள் பினாங்கு ஜெலுத்தோங்கில் இருந்த வரிசை வீட்டைக் காலி செய்துவிட்டு ரெலாவில் ஓர் அடுக்குமாடிக்கு வந்தோம். இரண்டும் ஒரே தீவு, ஒரே நிறுவனத்தின் சேவை. லோரிக்குச் சொல்வதற்கு முன்பே முகவரி மாற்றத்துக்கு மனு கொடுத்துவிட்டேன். "சரி, மாற்றிவிடலாம்" என்றார்கள். சாமான் எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான், புதிய முகவரியில் ஏற்கெனவே ஒரு சேவை இருப்பதாகக் கணினி காட்டுகிறது என்று பதில் வந்தது. முன்பு இருந்தவர் தன் கணக்கை மூடாமலே போய்விட்டார். அவரைக் கேட்டால்தான் அதை மூட முடியுமாம். அவர் எந்த ஊரில் இருக்கிறாரோ! வீட்டுக்காரரிடம் கேட்டால், லைன் தன் பெயரில் இல்லை, தான் என்ன செய்வது என்கிறார். அதுவும் நியாயம்தான்.

ஒருவழியாக டெக்னீஷியன் தம்பி ஒருவர் வந்தார். எங்கள் மாடியில் லிஃப்ட் பக்கத்தில் இருக்கும் கம்பிவட அறையைத் திறந்து காட்டினார். உள்ளே சுவரில் ஒரு சின்னப் பெட்டி. அதில் வரிசையாகத் துளைகள், ஒவ்வொன்றிலும் பச்சை முனை வைத்த மெல்லிய ஃபைபர் (கண்ணாடி இழை) கம்பி. "பாருங்கக்கா, எல்லாம் ஃபுல்லு. இதுல ரெண்டு மூனு வீட்டுல ஆளே இல்ல, ஆனா நான் கழட்ட முடியாது" என்றார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

விஷயம் இதுதான். தொலைபேசி நிலையத்திலிருந்து வரும் ஒரு ஃபைபர் இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். பெட்டியில் இத்தனை போர்ட், அதாவது இணைப்புத் துளை, என்று கணக்கு உண்டு. அது நிரம்பிவிட்டால், கம்பி நம் வாசல் வரை வந்திருந்தும் பயன் இல்லை. 2020-இல் தொடங்கிய ஜென்டெலா என்ற தேசிய இணைய வசதித் திட்டத்தில், 2022 முடிவதற்குள் 75 லட்சம் இடங்களுக்கு ஃபைபர் என்று இலக்கு வைத்தார்கள். நல்ல திட்டம். ஆனால் அந்தக் கணக்கில் ஃபைபர் எட்டும் தூரத்தில் உள்ள வீடுகள் எல்லாம் சேரும். அங்கே காலி போர்ட் இருக்கிறதா என்பது வேறு கதை. ஆளில்லாத வீட்டின் பெயரில் போர்ட் அடைபட்டுக் கிடக்க, குடியிருக்கிறவர் கைத்தொலைபேசி டேட்டாவை வைத்துக்கொண்டு தவிக்கிறார். நான் மாலை நேரத்தில் ஸூம் வழியாகப் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பாதி வகுப்பில் நான் உறைந்து போய்விட, "டீச்சர், கேக்கலே" என்று பிள்ளைகள் கத்துவது வாடிக்கையாகிவிட்டது.

இதற்கிடையே பழைய வீட்டுக்கான பில் தவறாமல் வந்தது. மாற்றம் 'நிலுவையில்' இருப்பதால் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்குமாம். சரி, வேண்டாம், மூடிவிடுங்கள் என்றால், 24 மாத ஒப்பந்தம் முடியவில்லை, அபராதம் கட்டுங்கள் என்கிறார்கள். சேவை கொடுக்க முடியாதது அவர்கள், தண்டம் கட்டுவது நாம்! இது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

அப்புறம் தொலைபேசி எண். வீடு மாறினால் அதுவும் மாறிவிடுமாம். கைத்தொலைபேசி எண்ணை நிறுவனம் மாறினாலும் வைத்துக்கொள்ளும் வசதி 2008-இலேயே நம் நாட்டுக்கு வந்துவிட்டது. வீட்டு எண்ணுக்கு அந்த உரிமை இல்லை. செப்புக் கம்பி காலத்தில் எண் அந்தந்த வட்டார நிலையத்தோடு கட்டப்பட்டிருந்தது, சரி. இப்போது குரலும் ஃபைபரில்தானே போகிறது? என் மாமியாருக்குக் கைத்தொலைபேசி பழகவில்லை. சுங்கை சிப்புட்டில் இருக்கும் அவருடைய தங்கைக்கு மனப்பாடமாகத் தெரிந்தது 04-இல் தொடங்கும் எங்கள் பழைய வீட்டு எண் ஒன்றுதான். எண் கட்டாயம் மாறும் என்றால் அதை மனு கொடுக்கும் அன்றே சொல்லலாம் அல்லவா? கூடவே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய செப்புக் கம்பித் தொலைபேசிக்கு மின்சாரம் நிலையத்திலிருந்தே வரும். வீட்டில் கரண்ட் போனாலும் அவசர உதவிக்கு 999 அழைக்கலாம். ஃபைபரில் வரும் தொலைபேசி, மோடத்துக்குக் கரண்ட் இல்லையென்றால் செத்துவிடும். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில் இதை யாரும் எடுத்துச் சொல்வதாகத் தெரியவில்லை.

தொடர்பு, பல்லூடக ஆணையம் இதில் தலையிட வேண்டும். முத்திரையிட்ட வாடகை ஒப்பந்தத்தையோ வீடு வாங்கிய பத்திரத்தையோ காட்டினால், அந்த முகவரியில் இருக்கும் பழைய கணக்கை நிறுவனமே ஒரு குறிப்பிட்ட கெடுவுக்குள் துண்டிக்க வேண்டும் என்று விதி வரட்டும். பழையவரின் பாக்கி அவருக்கும் நிறுவனத்துக்கும் உள்ள விவகாரம். அதற்காகப் போர்ட்டைப் பிணையாகப் பிடித்து வைக்கக் கூடாது. மாற்ற மனுவை ஏற்கும்போதே காலி போர்ட் உண்டா இல்லையா என்று எழுத்தில் சொல்லட்டும். இல்லை என்றால் அபராதம் இல்லாமல் விட்டுவிடட்டும். வேறு நிறுவனத்திடம் போய்க்கொள்கிறோம். அதிலும் ஒரு சிக்கல்: பல அடுக்குமாடிகளில் எல்லா நிறுவனங்களின் கம்பியும் உள்ளே வந்திருப்பதில்லை. நிர்வாகக் குழுவில் இருக்கும் நம்மவர்கள் அடுத்த ஆண்டுக் கூட்டத்திலாவது இதைப் பேச வேண்டும்.

விதி வரும் வரை, வீட்டை வாடகைக்கு விடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குடியிருந்தவர் சாவியைத் திருப்பித் தரும்போது மின்சார, தண்ணீர் பில்லைக் கேட்டு வாங்குகிறீர்கள். இணையக் கணக்கை மூடியதற்கான கடிதத்தையும் கேளுங்கள். அதைக் காட்டிய பிறகு டெபாசிட்டைத் திருப்பிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
ரெலாவ், பினாங்கு