சோஜர்னர் ட்ரூத்தின் வழக்கை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மகளிர் தின இணைப்பில் சோஜர்னர் ட்ரூத் பற்றிய கட்டுரையைப் படித்தேன். அடிமையாகப் பிறந்து, எஜமானை விட்டு வெளியேறி, வீட்டு வேலைக்காரியாகப் பிழைத்து, பின்னர் அடிமை ஒழிப்புக்காகவும் பெண் உரிமைக்காகவும் ஊர் ஊராகப் பேசிய அமெரிக்கப் பெண்மணிக்கு முழுப் பக்கம் ஒதுக்கியது நல்ல காரியம். ஆனால் அந்தப் பக்கத்தில் முக்கால்வாசி இடத்தை 1851இல் ஓஹியோ மாநிலத்து ஆக்ரன் நகரில் அவர் ஆற்றிய உரையே பிடித்துக்கொண்டது. மகனை மீட்க அவர் நீதிமன்றப் படி ஏறியதற்குக் கிடைத்தது ஒரே வரி. பணிக்காலம் முழுவதும் வழக்குக் கட்டுகளோடு புழங்கி, சிரஸ்தாராக, அதாவது நீதிமன்றத் தலைமை எழுத்தராக, ஓய்வு பெற்றவன் நான். அந்த ஒரு வரியை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

முதலில் உரை. 'நான் பெண் இல்லையா?' என்று திரும்பத் திரும்ப வரும் வடிவத்தைத்தான் வெளியிட்டிருக்கிறீர்கள். அது கூட்டத்துக்குத் தலைமை வகித்த பிரான்சிஸ் கேஜ் அம்மையார் 1863இல், அதாவது பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து எழுதியது. கூட்டத்தில் இருந்த மாரியஸ் ராபின்சன் என்ற பத்திரிகையாளர் 1851 ஜூன் மாதமே, உரை நிகழ்ந்த சில வாரங்களில், அதை அச்சிட்டுவிட்டார். அதில் அந்தப் பல்லவியே கிடையாது. கேஜ் அம்மையாரின் வடிவத்தில் ட்ரூத் தென்மாநிலக் கொச்சையில் பேசுகிறார், பதின்மூன்று பிள்ளைகள் பெற்றதாகச் சொல்கிறார். அவரோ நியூயார்க் மாநிலத்துக்காரர், வளர்ந்த மொழி டச்சு, பிள்ளைகள் ஐந்து பேர். ஒன்பது வயது வாக்கில் ஆட்டு மந்தையோடு சேர்த்து நூறு டாலருக்கு விற்கப்பட்டு, வாங்கியவர் வீட்டில் ஆங்கிலக் கட்டளை புரியாததற்காகவே அடி வாங்கியவர். எங்கள் தொழில் வழக்கில் சொன்னால், உடனே பதிவான வாக்குமூலம் கையில் இருக்கும்போது, காலங்கடந்து எழுதியதைச் சான்றாவணமாகக் குறியீடு செய்திருக்கிறீர்கள்.

சரி, உரையை விடுங்கள். வழக்குக்கு வருகிறேன்.

அப்போது அவர் பெயர் இசபெல்லா. நியூயார்க் மாநிலச் சட்டப்படி 1827 ஜூலை 4 அன்று அவருக்கு விடுதலை. நன்றாக உழைத்தால் ஓராண்டு முன்னதாகவே விட்டுவிடுவதாக எஜமான் ஜான் ட்யூமாண்ட் வாக்குக் கொடுத்திருந்தார். இசபெல்லாவுக்குக் கையில் காயம் பட்டு வேலை குறைந்ததும் அதையே சாக்காக வைத்து வாக்கை மீறினார். அதற்குப் பின்னும் இந்த அம்மாள் நூறு பவுண்டு கம்பளி நூற்றுக் கொடுத்துவிட்டு, 1826ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒரு விடியற்காலையில் கைக்குழந்தையோடு வெளியேறினார். தேடி வந்த ட்யூமாண்ட், "ஓடி வந்துவிட்டாயே" என்றார். "ஓடவில்லை, பகல் வெளிச்சத்தில் நடந்துதான் வந்தேன். ஒரு வருடம் தருவதாகச் சொன்னது நீங்கள்தானே" என்று பதில் வந்தது. அடைக்கலம் கொடுத்த ஐசக் வான் வேகனன், ஆளை வாங்குவதும் விற்பதும் தம் வழக்கமில்லை என்று சொல்லி, மீதி மாதங்களின் உழைப்புக்கு 20 டாலரும் குழந்தைக்கு 5 டாலரும் கொடுத்து ட்யூமாண்டை அனுப்பிவைத்தார். அந்த வீட்டில்தான் இசபெல்லா பணிப்பெண்ணாக இருந்தார்.

இதற்கிடையில் அவருடைய ஐந்து வயது மகன் பீட்டர் கைமாறிக் கைமாறி, சாலமன் கெட்னி என்பவர் மூலம் அலபாமாவில் இருந்த தோட்டக்காரர் ஒருவருக்கு விற்கப்பட்டுவிட்டான். மாநிலத்துக்கு வெளியே அப்படி விற்பது நியூயார்க் சட்டப்படி குற்றம். தாய் முதலில் போய்க் கேட்டது பழைய எஜமானியிடம். ஒரு சிறு பையனுக்காக இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று அந்த அம்மாள் ஏளனம் செய்தார். "என் பிள்ளையை மீட்டே தீருவேன்" என்று சொல்லிவிட்டு வந்ததைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தபோது, "என் உள்ளே நான் அத்தனை உயரமாக இருந்தேன், ஒரு நாட்டின் பலமே என்னோடு இருப்பதுபோல் உணர்ந்தேன்" என்றார். கையில் காசு இல்லை, எழுதப் படிக்கத் தெரியாது, ஆங்கிலமோ பாதியில் கற்றது. அந்த நிலையில் இருந்தவரின் வார்த்தை இது.

குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் சிலர் வழிகாட்ட, கிங்ஸ்டன் நீதிமன்றத்துக்குப் போனார். குற்றச்சாட்டுக்கு முகாந்திரம் உண்டா என்று பார்க்கும் கிராண்ட் ஜூரியிடம் முறையிடச் சொல்லியிருந்தார்கள். அது ஒரு குழு என்று அவருக்கு யார் சொன்னது? உள்ளே நுழைந்ததும் பார்வைக்குப் பெரிய மனிதராகத் தெரிந்த ஒருவரிடம் போய்த் தம் வழக்கைச் சொல்லத் தொடங்கிவிட்டார். பிறகு பைபிளைக் கையில் கொடுத்து, இவன் என் பிள்ளைதான் என்று சத்தியம் செய்யச் சொன்னார்கள். அவர் புத்தகத்தை உதட்டில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். அங்கிருந்த குமாஸ்தாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்தப் பெண்ணிடம் சத்தியம் வாங்கி என்ன பயன் என்று வக்கீலைக் கேட்டாராம். "சட்டத்துக்கு அது போதும்" என்றார் வக்கீல். சிரித்தவர் என்னைப் போன்ற குமாஸ்தா என்பதால் இந்த இடத்தை என்னால் எளிதில் தாண்டிப் போக முடியவில்லை. நடைமுறை தெரியாமல் தடுமாறும் கிராமத்துப் பெண்களைப் பார்த்துச் சிரிக்கும் மேசைகள் நம் ஊர் நீதிமன்றங்களிலும் உண்டு.

உத்தரவைக் கையில் வாங்கிக்கொண்டு எட்டு ஒன்பது மைல் தூரம் கிட்டத்தட்ட ஓட்டமாகவே போய்க் கான்ஸ்டபிளிடம் கொடுத்தார். கான்ஸ்டபிளோ சம்மனை சாலமன் கெட்னியின் சகோதரரிடம் சேர்ப்பித்துவிட்டார். தவறு தெரிவதற்குள் சாலமன் படகேறி ஹட்சன் ஆற்றின் பெரும்பகுதியைக் கடந்துவிட்டார். ஆள் மாற்றிச் சம்மன் கொடுக்கும் அமீனாக்களின் பரம்பரை இவ்வளவு பழையது!

பதினான்கு ஆண்டுச் சிறை, ஆயிரம் டாலர் அபராதம் என்று தம் வக்கீல் எச்சரித்த பிறகு, சாலமன் அலபாமாவுக்குப் போய்ப் பையனைக் கூட்டி வந்தார். ஆனால் தாயிடம் ஒப்படைக்கவில்லை. அறுநூறு டாலர் பிணை எழுதிக் கொடுத்தார். வழக்கு அடுத்த அமர்வுக்குத் தள்ளிப்போகும் என்றார்கள். அதாவது வாய்தா. அத்தனை மாதம் காத்திருக்க அவர் தயாராக இல்லை. ஐந்து டாலர் கொடுத்தால் ஒரு நாளில் முடித்துத் தருவதாக வேறொரு வக்கீல் சொல்ல, பத்து மைல் நடந்து குவேக்கர் வீடுகளில் வசூலித்து, கிடைத்த தொகை அதைவிட அதிகமாக இருந்தும், எல்லாவற்றையும் வக்கீலிடமே கொட்டினார். மிச்சத்தில் காலுக்குச் செருப்பாவது வாங்கியிருக்கலாமே என்று பிறர் கடிந்துகொண்டபோது, "எனக்குப் பணமும் வேண்டாம், துணியும் வேண்டாம், மகன்தான் வேண்டும். ஐந்து டாலர் அவனைக் கொண்டுவரும் என்றால், அதிகப் பணம் நிச்சயம் கொண்டுவரும்" என்று சொல்லியிருக்கிறார்.

கூட்டி வந்த பையன் தாயைப் பார்த்து அலறினான். இவள் என் அம்மா இல்லை, எஜமானை விட்டு என்னைப் பிரிக்காதீர்கள் என்று அழுதான். நெற்றித் தழும்பைக் கேட்டால் குதிரை உதைத்தது என்றான், கன்னத்தைக் கேட்டால் வண்டியில் மோதியது என்றான். ஒவ்வொரு பதிலுக்கும் எஜமான் முகத்தைப் பார்த்துக்கொண்டான். செங்கல் சூளையிலிருந்து மீட்கப்பட்ட பிள்ளைகள் விசாரணையில் பதில் சொல்லும் விதத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. நீதிபதியும் ஏமாறவில்லை. இவனுக்கு இனி தாயைத் தவிர வேறு எஜமான் இல்லை என்று 1828இல் தீர்ப்பளித்தார். கொஞ்சிச் சமாதானப்படுத்தி வீட்டுக்குக் கூட்டிப் போய்ச் சட்டையைக் கழற்றினால், பையனின் முதுகு முழுக்கச் சவுக்குத் தடம். வெள்ளையர் ஒருவருக்கு எதிராக அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து வென்ற முதல் கறுப்பினப் பெண்களில் ஒருவர் இவர். இதற்குத்தான் ஒரு வரி.

ஒருமுறையோடு நின்றவரும் அல்லர். பின்னர் நியூயார்க் நகரில் வீட்டு வேலை பார்த்தபோது, விஷம் வைத்தார் என்று அவர்மேல் பழி சுமத்தினார்கள். அவதூறு வழக்குப் போட்டு 1835இல் 125 டாலர் இழப்பீடு பெற்றார். சோஜர்னர் ட்ரூத் என்று அவர் பெயர் மாற்றிக்கொண்டது 1843இல்தான். 1865இல் வாஷிங்டனில் டிராம் வண்டி நடத்துநர் ஒருவர் அவரை வெளியே தள்ளப் பார்த்ததில் தோள்மூட்டு விலகியது. புகார் கொடுத்தார். நடத்துநருக்கு வேலை போனது, கைதும் ஆனார். இந்த மூன்றையும் ஒன்றாகப் படித்தால்தான் அந்த அம்மாள் யார் என்று தெரியும். மேடையில் முழங்குபவர்கள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள். தள்ளிப்போன வழக்கை விடாமல் துரத்திப் பிடிப்பவர்கள் அபூர்வம். இது பழைய குமாஸ்தாவின் ஒருதலைப்பட்சம் என்று நீங்கள் நினைத்தால் அப்படியே இருக்கட்டும்.

திருத்தம் வெளியிடுவதாக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். கட்டுரைக்கு ஓர் ஓவியம் போட்டிருந்தீர்கள். அவருடைய அசல் புகைப்படங்கள் எளிதாகக் கிடைக்கின்றன. பின்னல் வேலையைக் கையில் வைத்தபடி அமர்ந்திருக்கும் படம் ஒன்று இருக்கிறது. அத்தகைய படங்களை அட்டையாக அச்சிட்டு விற்றுத்தான் அவர் பயணச் செலவைச் சமாளித்தார். 1864இல் அவற்றுக்குப் பதிப்புரிமையும் பதிவு செய்தார், தம் சொந்தப் பெயரிலேயே. அந்தப் படத்தைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிரஸ்தார்,
மயிலாடுதுறை.